அமெரிக்க உணவு உதவி: வெள்ளோட்டம் பார்த்தது போதாதா?

கரிசல்:
அமெரிக்காவில் கோடை விடுமுறை விட்டால் பள்ளி மதிய உணவும் நின்றுவிடும். அந்த மாதங்களில் ஏழைப் பெற்றோர் கையில் உணவு வாங்கும் அட்டை கொடுத்தால் என்ன என்று 2011இல் வெள்ளோட்டம் தொடங்கினார்கள். பிள்ளைக்கு மாதம் 60 டாலர். பிள்ளைகளின் கடும் பசி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. சரி, அப்புறம்? நிரந்தரத் திட்டமாக நடைமுறைக்கு வந்தது 2024இல்! 2011இல் ஒன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளை அதற்குள் பள்ளிப் படிப்பையே முடித்திருக்கும். ஆய்வு என்ற பெயரில் இழுத்தடிப்பு, வேறென்ன?

நிறைகோல்:
இழுத்தடித்தது ஆய்வா, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸா? முடிவுகள் பல வருடம் முன்பே வந்துவிட்டன. காசு ஒதுக்க மனம் வராதவர்களைத் திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன். ஆனால் அதே வெள்ளோட்டத்தில் சில வீடுகளுக்கு 30 டாலர், சில வீடுகளுக்கு 60 என்று கொடுத்துப் பார்த்தார்கள். கடும் பசியைக் குறைத்ததில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. காய், பழம், முழுதானியம் சாப்பிட்டதில்தான் 60 டாலர் முந்தியது. அலுவலகத்தில் உட்கார்ந்து யோசித்தால் இது தெரியவந்திருக்குமா?

கரிசல்:
இவ்வளவும் தெரிந்த பிறகு கொடுத்தது 40 டாலர். அதையும் ஒரு டஜனுக்கு மேற்பட்ட மாநிலங்கள் 2024இல் வேண்டாம் என்றுவிட்டன. அதிபர் கென்னடி 1961இல், ஏழைகள் கடையில் காட்டி உணவு வாங்கும் உணவு முத்திரை வெள்ளோட்டத்தை ஆரம்பித்தார், 1964இல் சட்டமே வந்தாயிற்று. மனம் இருந்தால் மூன்று வருடம் போதும்.

நிறைகோல்:
நல்ல உதாரணம் எடுத்தீர்கள் போங்கள்! அந்த முத்திரையை முதலில் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும், கொடுத்ததைவிட அதிக மதிப்புக்கு முத்திரை கிடைக்கும். கையில் சல்லிக்காசு இல்லாதவர் என்ன செய்வார்? அந்த விதியை எடுக்க 1977 வரை ஆனது. அவசரமாகப் போட்ட சட்டத்தின் ஓட்டையை அடைக்க 13 வருடம்!

ஓரத்து இருக்கை:
குறுக்கே வருகிறேன். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஹாம்ப்டன் மாவட்டத்தில் 2011 கடைசியில் தொடங்கிய வெள்ளோட்டத்தைப் பாருங்கள். உணவு உதவி அட்டை வைத்திருந்த 7,500 குடும்பங்களைக் குலுக்கல் முறையில் எடுத்தார்கள். காய்கறி, பழத்துக்குச் செலவிடும் ஒவ்வொரு டாலருக்கும் 30 சென்ட் அட்டைக்கே திரும்பி வரும். மற்றவர்களைவிட 26 சதவீதம் அதிகம் காய்கறி, பழம் சாப்பிட்டார்கள். கேட்கப் பெரிதாக இருக்கிறது, கணக்குப் பார்த்தால் நாளுக்குக் கால் கோப்பைகூட இல்லை. வேடிக்கை என்னவென்றால், சர்க்கரைவள்ளிக்குச் சலுகை உண்டு, சாதாரண உருளைக்கிழங்குக்குக் கிடையாது. இதைக் கடையில் பில் போடும்போதே பிரித்தாக வேண்டும். நாடு முழுக்க விரிப்பதற்கு முன் இந்தச் சிக்கலெல்லாம் தெரிய வேண்டாமா?

கரிசல்:
தெரியட்டும். ஆனால் உதவி அட்டையைக் கொண்டு இணையத்தில் உணவு வாங்கும் வெள்ளோட்டம் 2019இல் நியூயார்க்கில் ஆரம்பித்தது. மறு வருடம் கொரோனா வந்ததும் சில மாதங்களில் பெரும்பாலான மாநிலங்களுக்குப் போய்விட்டது. அறிக்கைக்கு யார் காத்திருந்தார்கள்?

நிறைகோல்:
அங்கே கேள்வி, அட்டை இணையத்தில் வேலை செய்கிறதா என்பதுதான். அது சில வாரங்களில் தெரிந்துவிடும். எவ்வளவு கொடுத்தால் ஒரு பிள்ளையின் சாப்பாடு மாறும் என்பது அப்படியா?

கரிசல்:
அப்படியே இருக்கட்டும். கோடை வெள்ளோட்டத்திலும் குலுக்கல்தானே? அதில் பெயர் விழாத வீட்டில் அந்தக் கோடையில் என்ன சாப்பிட்டார்கள்? அவர்களை ஒப்பீட்டுக் குழு என்று எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள்.

நிறைகோல்:
ஒதுக்கிய பணம் எல்லோருக்கும் பற்றாது. குலுக்கல் இல்லையென்றால் சிபாரிசு. எது தேவலாம் என்கிறீர்கள்?

கரிசல்:
பற்றாத பணத்தை ஒதுக்கியதைத்தான் முதலிலிருந்து கேட்கிறேன். அதற்குப் பதிலே வரவில்லை.