76 வயது, இடுப்பு ஆபரேஷன்: பத்து எக்சர்சைஸ் சீட்டில் எதை வைப்பது, எதை விடுவது?

ஹோம்விசிட்_பிசியோ

வணக்கம். பேஷன்ட் 76 வயது அம்மா, எடை 52 கிலோ. வழுக்கி விழுந்து வலது தொடை எலும்பின் கழுத்துப் பகுதி உடைந்து, பைபோலார் பந்து (இடுப்பு மூட்டின் உடைந்த பந்துக்குப் பதிலாக வைக்கும் செயற்கைப் பந்து) வைத்திருக்கிறார்கள். சிமென்ட் போட்டது, பின்பக்கமாகத் திறந்து செய்தது. இப்போது ஐந்து வாரம். முழு எடை ஊன்றலாம் என்று சர்ஜன் எழுதியிருக்கிறார். சுகருக்கு கிளிமிபிரைடு, பி.பி.க்கு டெல்மிசார்டன், மெட்டோப்ரோலால். இரண்டு முழங்காலிலும் தேய்மானம் உண்டு.

டிஸ்சார்ஜ் சீட்டில் பத்து பயிற்சி, ஒவ்வொன்றும் 10 முறை, நாளைக்கு மூன்று வேளை. மூன்றாவது பயிற்சிக்குள் சோர்ந்துவிடுகிறார். படுத்தபடி காலை நேராகத் தூக்கச் சொன்னால் கவட்டில் வலி. காலையில் எழுந்து நின்றதும் தலைசுற்றல். நாடித்துடிப்பு 75ஐத் தாண்டுவதே இல்லை, அதனால் எவ்வளவு செய்ய வைப்பது என்றும் பிடிபடவில்லை. வயதை நினைத்து எல்லாவற்றையும் பாதியாக்கிவிடலாமா?

மூட்டும்தசையும்

பாதியாக்க வேணாம். பத்தை மூணாக்குங்க, ஆனா அந்த மூணும் அவங்களுக்குக் கஷ்டமா இருக்கணும். வயசானவங்கன்னு பஞ்சு மாதிரி எக்சர்சைஸ் கொடுத்தா தசை ஏறாது. 1990லயே பாஸ்டன்ல 90 வயசை ஒட்டினவங்களுக்கு நல்ல பாரம் வச்சு 8 வாரம் கால் பயிற்சி கொடுத்துப் பார்த்தாங்க, கால் பலம் ரெண்டு மடங்குக்கு மேல போச்சு.

மூணு எது? சேர்ல இருந்து எழுறது, நின்னுக்கிட்டு காலைப் பக்கவாட்டுல விரிக்கிறது, குதிகால் தூக்குறது. நேரா கால் தூக்குறதை இப்போதைக்கு அடிச்சுடுங்க. முழுக்காலையும் தூக்கத் தசை இழுக்கிற விசை புது மூட்டை அழுத்தும், முதுகையும் இழுக்கும்.

சேர் விஷயத்துலதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. டேப் வச்சு உட்காரும் உயரத்தை அளந்து பாருங்க. வீட்டு பிளாஸ்டிக் சேர் 42–45 செ.மீ. இருக்கும். இவங்களுக்கு 50 செ.மீ. வேணும். தலையணை போட்டா அமுங்கிடும். ஜமக்காளத்தை இறுக்கமா மடிச்சுப் போட்டுக் கயிறால கட்டுங்க. கை வச்ச சேரா இருக்கணும், முதுகுப்பக்கம் சுவரோட ஒட்டி இருக்கணும். டைல்ஸ்ல பிளாஸ்டிக் கால் வழுக்கும்.

வழக்கமா "மூக்கு கால்விரலுக்கு மேல வரட்டும்"னு குனிய வைப்போம். பின்பக்கம் திறந்த இடுப்புக்கு அது கூடாது. இடுப்பு 90 டிகிரியைத் தாண்டி மடங்கினா பந்து நழுவ வாய்ப்பு இருக்கு. அதனால சேரோட முன் விளிம்புக்கு நகர்ந்து வரட்டும், வலது பாதம் அரை அடி முன்னாடி, இடது பாதம் முழங்காலுக்கு நேர் கீழே. ரெண்டு கையாலயும் சேர் கையை அழுத்தி எழணும், வாக்கரைப் பிடிச்சு இழுத்து எழக்கூடாது. உட்காரும்போது ரெண்டு காலோட பின்பக்கமும் சேர்ல பட்ட பிறகு வலது காலை முன்னால நீட்டி, மூணு எண்ணி இறங்கணும். தொப்புன்னு விழுந்தா அந்தத் தடவையைக் கணக்குல சேர்க்காதீங்க.

முதல்ல 5 முறை, ரெண்டு செட், நடுவுல 2 நிமிஷம் ஓய்வு. வாரத்துக்கு மூணு நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். கடைசி ரெண்டு தடவை மூச்சு வாங்கணும். 10 முறை ரெண்டு செட் சுலபமா வந்தா ஜமக்காளத்துல ஒரு மடிப்பை எடுங்க, 2–3 செ.மீ. குறையும். 45 செ.மீ.க்குக் கீழே இப்போ போக வேணாம். அதே நாள்ல எண்ணிக்கையையும் கூட்டாதீங்க. முழங்கால் தேய்மானத்துக்கும் உயரமான சேர்தான் நல்லது.

காலை விரிக்கிறதுக்கு சமையல் மேடையைப் பிடிச்சு நிக்க வைங்க. பாதம் நேரா முன்னாடி பார்க்கணும். விரல் வெளிப்பக்கம் திரும்பினா தொடை முன்தசை வேலை செய்யும், புட்டத் தசை தூங்கிடும். உடம்பு எதிர்ப்பக்கம் சாயுதான்னு பின்னாடி நின்னு பாருங்க. சாய்ஞ்சா வீச்சைக் குறைங்க.

முதியோர்_வார்டு

நாடித்துடிப்பை வைத்து அளவு போட முடியாது, மெட்டோப்ரோலால் அதை ஏறவிடாது. பேச்சைக் கவனியுங்கள். ஒரு முழு வாக்கியம் தடையில்லாமல் சொன்னால் சரி. இரண்டு சொல்லுக்கு ஒரு முறை மூச்சு இழுத்தால் நிறுத்துங்கள். எண்ணிக்கையை அவரே உரக்கச் சொல்லட்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தால் பி.பி. ஏறும், சத்தமாக எண்ணுகிறவரால் மூச்சைப் பிடிக்க முடியாது.

தலைசுற்றலுக்கு: 5 நிமிடம் படுக்கவைத்து பி.பி. பாருங்கள், நிற்கவைத்து 1வது, 3வது நிமிடத்தில் மறுபடி பாருங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் எழுதி மருத்துவரிடம் அனுப்புங்கள். மாத்திரையை நாம் தொடக்கூடாது. அதுவரை கட்டில் விளிம்பில் 2 நிமிடம் உட்கார்ந்து, கணுக்காலை 20 முறை மேலும் கீழும் அசைத்த பிறகே எழ வேண்டும். சாப்பிட்ட கையோடு பயிற்சி வேண்டாம், அப்போதும் பி.பி. இறங்கும். காலை டிபன் முடிந்து ஒன்றரை மணி நேரம் கழித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கிளிமிபிரைடு சுகரை அளவுக்கு மேல் இறக்கிவிடலாம் என்பதால் தொடங்கும் முன் சுகர் பாருங்கள். 100க்குக் கீழே என்றால் ஒரு சிறிய வாழைப்பழம் தந்துவிட்டுத் தொடங்குங்கள். இன்னொன்று: சுகர் இறங்கும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் மெட்டோப்ரோலால் மறைத்துவிடும். வியர்வையை மறைக்காது. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தும் நெற்றி வியர்த்தால் உடனே குளுக்கோமீட்டர்.

ஹோம்விசிட்_பிசியோ

நன்றி சார், நன்றி மேடம். சேர் 43 செ.மீ.தான் இருந்தது. தரையில் உட்கார்ந்துதான் சாப்பிடுவேன், இந்தியன் டாய்லெட்தான் போவேன் என்கிறார். வாக்கரும் பாத்ரூம் கதவில் நுழையவில்லை.

மூட்டும்தசையும்

தரை இப்போ வேணவே வேணாம். எப்போன்னு சர்ஜன்தான் சொல்லணும். குந்துறதைப் பெரும்பாலான சர்ஜன்கள் நிரந்தரமாவே வேணாம்னுதான் சொல்வாங்க. பாத்திரத்தைக் கழட்டின கமோடு சேரை இந்தியன் டாய்லெட்டுக்கு மேலேயே போட்டுக்கலாம். உயரம் 48–50 செ.மீ., நாலு கால்லயும் ரப்பர் புஷ் தேயாம இருக்கணும். குளிக்கும்போது தரையில இருக்கிற வாளியில மொள்ளக் குனியிறதும் 90 டிகிரியைத் தாண்டும். வாளியை ஸ்டூல் மேல வைங்க.

கதவு அகலத்தையும் வாக்கரோட பின்கால் அகலத்தையும் அளந்து பாருங்க. இடிச்சா வாக்கரோட பக்கவாட்டு நடையில நுழையணும், முதல்ல வாக்கர், அப்புறம் கால். வாக்கர் கைப்பிடி, செருப்பு போட்டு நின்னு கையைத் தொங்கவிட்டா மணிக்கட்டு ரேகைக்கு நேரா இருக்கணும். திரும்பும்போது வலது காலை ஊன்றி உடம்பைச் சுழற்றக் கூடாது, சின்னச் சின்ன அடியா வச்சுத் திரும்பணும்.

முதியோர்_வார்டு

வீட்டாரிடம் இதை மட்டும் எழுதிக் கொடுங்கள்: கெண்டைக்கால் ஒரு பக்கம் வீங்கி வலித்தால், வலது கால் திடீரென்று குட்டையாகி உள்பக்கம் திரும்பினால், தையல் இடத்தில் நீர் கசிந்தால், நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ வந்தால், பயிற்சியை நிறுத்தி அன்றே ஆஸ்பத்திரி. தசை வலி மட்டும் என்றால் இரண்டு நாளில் அடங்கிவிடும். அடங்காவிட்டால் அடுத்த முறை ஒரு செட் குறையுங்கள்.