மறு: நடுவர் கண்டிப்பைச் சரிக்கட்டும் கணக்குக்கு ஒரு சொல்: ‘கண்டிப்பீடு’?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். இந்த இழையை இன்றுதான் முதலிலிருந்து படித்தேன். சொற்கள் குவிந்திருக்கின்றன, எந்தப் பொருளுக்குப் பெயர் வைக்கிறோம் என்பதில்தான் ஆளுக்கொரு எண்ணம். ஆகவே பொருளை ஒருமுறை மேசைமேல் வைத்துவிட்டுச் சொல்லுக்கு வருகிறேன்.

விளையாட்டுச் செய்தி எழுதும் அணிப்போட்டி. அணிக்கு நால்வர். ஒரே ஆட்டத்தைப் பார்த்துவிட்டு நால்வரும் ஆளுக்கொரு கட்டுரை எழுதுகிறார்கள். நான்கு மதிப்பெண்களின் கூட்டல்தான் அணியின் மதிப்பெண். எழுதுகிறவர்கள் ஆர்வத்துக்காக எழுதுகிறவர்கள். நடுவர்களும் தங்கள் வேலைக்கு நடுவே நேரம் ஒதுக்கிப் படிக்கிறவர்கள். எல்லாக் கட்டுரையையும் எல்லா நடுவரும் படிப்பது நடக்காத காரியம் என்பதால் பங்கு பிரித்துக்கொள்கிறார்கள். ஒரு நடுவருக்குத் தாராளமான கை, இன்னொருவருக்கு இறுகிய கை. கட்டுரை எந்தக் கையில் விழுகிறது என்பது அதிர்ஷ்டம்.

கணக்காகவே பார்ப்போம். மதிப்பெண் 20க்கு. பச்சை அணியின் நான்கு கட்டுரைகளும் முதல் நடுவரிடம் போய் 15, 14, 16, 13 பெறுகின்றன, மொத்தம் 58. நீல அணியுடையவை இரண்டாம் நடுவரிடம் போய் 13, 12, 14, 12 பெறுகின்றன, மொத்தம் 51. பச்சைக்குக் கோப்பை என்று எழுதப் போகும்போது, இரு நடுவரும் தனித்தனியே படித்த மூன்று பொதுக் கட்டுரைகளை எடுத்துப் பார்க்கிறோம். அவற்றுக்கு முதல் நடுவர் 15, 13, 14 போட்டிருக்கிறார். அதே மூன்றுக்கு இரண்டாமவர் 12, 10, 11. ஒருவரின் சராசரி 14, மற்றவருடையது 11. நடுவில் 12.5. ஆக முதல் நடுவர் ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒன்றரை கூடப் போடுகிறவர், இரண்டாமவர் ஒன்றரை குறைத்துப் போடுகிறவர். பச்சையிலிருந்து 6 கழித்தால் 52. நீலத்தோடு 6 கூட்டினால் 57. கோப்பை கை மாறிவிட்டது.

இந்தக் கழித்தல் கூட்டலுக்குத்தான் சொல் தேடுகிறோம். அந்த மூன்று பொதுக் கட்டுரைகளுக்கு முந்தைய மடல் ஒன்றில் ‘உரைகல் கட்டுரை’ என்று வந்தது. அருமையான சொல். அதை விவாதிக்க ஒன்றுமில்லை, எடுத்துக்கொள்வோம்.

> ‘இயல்பாக்கம்’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே. புதிதாக எதற்கு?

தரவுத்தளக்காரர்களும் புள்ளியியலாரும் அதை வெவ்வேறு பொருளில் ஆள்கிறார்கள், அது ஒரு பக்கம். எனக்கு உறுத்துவது வேறு: இயல்பாக்குகிறோம் என்றால் இயல்பு கெட்டுப்போனது யார்? கட்டுரை எழுதிய பிள்ளையா, படித்த நடுவரா? சொல் வாய் திறக்கவில்லை.

> ‘தரப்படுத்தல்’ போதுமே.

இலங்கைத் தமிழரிடம் இந்தச் சொல்லை வெறும் கணக்குச் சொல்லாக நீட்ட முடியாது. 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதிக்காக மதிப்பெண்களை மொழிவாரியாகப் பிரித்து ஒரே அளவுக்குக் கொண்டுவந்த முறைக்கு அதுதான் பெயர். தமிழில் தேர்வு எழுதியவர்களுக்கு அதனால் ஏற்பட்ட வடு இன்னும் ஆறவில்லை. அரசியலை விட்டுவிட்டுக் கணக்கை மட்டும் பார்த்தாலும் அங்கே நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. இரு குழுவுக்கும் பொதுவான உரைகல் இல்லாமல் சராசரிகளைச் சமப்படுத்துவது, இரு குழுவும் ஒரே திறன் உடையவை என்று முன்கூட்டியே தீர்ப்பெழுதுவதற்குச் சமம். நம் போட்டியிலும் இதே கதைதான். ஒரு நடுவர் ஓர் அணியை மட்டும் படித்திருக்கிறார், உரைகல் கட்டுரையும் கிடையாது என்றால், மதிப்பெண் குறைந்தது கையின் இறுக்கத்தாலா, எழுத்தின் மெலிவாலா என்று எந்தக் கணக்கும் பிரித்துச் சொல்லாது. ஓர் அணியின் நான்கு கட்டுரைகளையும் ஒரே நடுவரிடம் கொடுக்காமல் சிதற விடுவது முதல் மருந்து, கணக்கு இரண்டாவது.

> ‘மதிப்பெண் திருத்தம்’ எளிமையாக இருக்கிறது.

எளிமைதான். ஆனால் நம் மொழியில் விடைத்தாள் ‘திருத்துவது’ என்றாலே மதிப்பெண் போடுவது. திருத்திய மதிப்பெண் என்றால் நடுவர் முதலில் போட்டதா, நாம் பிறகு மாற்றியதா? மாற்றியதுதான் என்று விளக்கிவிட்டால் இன்னும் மோசம். தோற்ற அணியின் தலைவர் “எங்கள் மதிப்பெண்ணைத் திருத்திவிட்டார்கள்” என்று சொல்லும் தொனியை நினைத்துப் பாருங்கள்.

‘சமனாக்கம்’ விளையாட்டில் உதவாது. ஆட்டம் சமனில் முடிந்தது என்று தினமும் எழுதுகிறோம்.

என் மனம் நெடுநாள் ஒட்டிக்கொண்டிருந்தது ‘தடைகட்டல்’ என்ற சொல்லில். எண்ணெயைப் பாத்திரத்தோடு நிறுக்கும்போது, வெறும் பாத்திரத்தின் எடைக்கு ஈடாக மறுதட்டில் கல் வைப்பார்கள். அதற்குத் தடை கட்டுதல் என்று பெயர். நடுவரின் கை என்கிற பாத்திரத்துக்குத் தடை கட்டிவிட்டுக் கட்டுரையை நிறுக்கிறோம். உவமை அச்சாகப் பொருந்துகிறது. ஆனால் “இரண்டாம் நடுவருக்குத் தடை கட்டப்பட்டது” என்று அறிவிப்புப் பலகையில் எழுதினால், ஊக்கமருந்தில் சிக்கிய ஓட்டக்காரரைப் போல அவரைப் போட்டியிலிருந்தே நீக்கிவிட்டதாக ஊர் நம்பும். மனமில்லாமல் கைவிட்டேன்.

இத்தனை சொற்களையும் தட்டிப் பார்த்ததில் எனக்குத் தேறியது ஒன்று. சரிசெய்யப்படுவது நடுவரின் கை. கட்டுரையில் யாரும் கை வைக்கவில்லை. சொல்லைக் கேட்டவுடனே அது தெரிய வேண்டும். இழப்புக்கு ஈடு இழப்பீடு. கண்டிப்புக்கு ஈடு கண்டிப்பீடு. ‘கண்டிப்பீடு செய்த மதிப்பெண்’, ‘கண்டிப்பீட்டுக்கு முன் 51, பின் 57’ என்று வாக்கியத்தில் மடங்கி வருகிறது. மதிப்பீடு என்ற சொல்லோடு ஓசையிலும் ஒட்டுகிறது.

ஓசை ஒட்டுவதில் ஒரு வம்பும் உண்டு, நானே சொல்லிவிடுகிறேன். மதிப்பீடு, குறியீடு ஆகியவற்றின் ‘ஈடு’ இடுதலிலிருந்து வந்தது: மதிப்பு இடுதல், குறி இடுதல். இழப்பீட்டில் இருப்பது ஈடுசெய்தல். கண்டிப்பீட்டை முதல் வகையாகப் பிரித்துப் படிப்பவருக்குக் ‘கண்டிப்பு இடுதல்’ என்று நேர்மாறாகப் பொருள்படலாம். இழப்பீட்டை யாரும் ‘இழப்பு இடுதல்’ என்று படிப்பதில்லை என்பதே என் துணிவு.

‘கையீடு’ என்று சுருக்கலாமே என்றும் ஒரு மடல். கையூட்டுக்கும் தலையீட்டுக்கும் நடுவில் பிறந்த பிள்ளை மாதிரி இருக்கிறது. வேண்டாம்.

> டைவிங்கில் செய்வதுபோல அதிகத்தையும் குறைவையும் தூக்கிவிட்டால் இந்தக் கணக்கே வேண்டாமே?

டைவிங்கில் ஏழு நடுவர்கள். மேலே இரண்டு, கீழே இரண்டு புள்ளிகளை நீக்கிவிட்டு, மிஞ்சிய மூன்றைக் கூட்டிக் குதிப்பின் கடின எண்ணால் பெருக்குகிறார்கள். ஃபிகர் ஸ்கேட்டிங்கிலும், 2002இல் சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கின் இணையர் பிரிவில் நடுவர் மீது புகார் எழுந்து இரண்டாவது இணைக்கும் தங்கம் கொடுக்க நேர்ந்த பிறகு, 2004இல் ஏற்ற புதிய முறையில் ஓரப் புள்ளிகளை நீக்கியே சராசரி எடுக்கிறார்கள். இரண்டிலும் எல்லா நடுவரும் எல்லாரையும் பார்க்கிறார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. நம்மிடம் கட்டுரைக்கு மிஞ்சிப்போனால் மூவர். மேலொன்று கீழொன்று எடுத்தால் ஒருவரின் தீர்ப்புதான் மிச்சம். தமிழ்நாட்டுப் பாடநூல் இடைநிலை அளவு என்றும் இலங்கைப் பாடநூல் இடையம் என்றும் சொல்வது, வரிசையில் நடுவே நிற்கும் அந்த மதிப்பைத்தான். தவிர, ஓரம் கழிப்பது ஒரு கட்டுரைக்கு நேர்ந்த விபத்தைத் தடுக்கும்; எல்லாக் கட்டுரைக்கும் ஒன்றரை குறைக்கிற கையை அதற்கு அடையாளம் தெரியாது.

இந்தக் கவலை நாம் கண்டுபிடித்ததும் இல்லை. தேர்வு மதிப்பெண்களில் தேர்வாளருக்குத் தேர்வாளர் எவ்வளவு வேறுபாடு வருகிறது என்று பொருளியலாளர் எட்ஜ்வொர்த் 1888இலேயே கணக்கிட்டார். டென்மார்க்கின் கணிதவியலாளர் ராஷ் 1960இல் வகுத்த தேர்வு அளவீட்டு முறையை, நடுவரின் கண்டிப்பையும் ஓர் அளவாகச் சேர்த்து, அத்துறை ஆய்வாளர் லினாக்கர் 1989இல் விரித்தார். அதற்கு மென்பொருள் வேண்டும். நமக்கு மூன்று உரைகல்லும் ஒரு தாளும் போதும்.

ஒரு சொந்த அனுபவம். சில ஆண்டுகளுக்கு முன் இப்படியொரு போட்டியில் கட்டுரைகளைப் படிக்க உட்கார்ந்தேன். முதல் கட்டுரையில் 73ஆம் நிமிடத்தில் விழுந்த கோலை 37ஆம் நிமிடம் என்று எழுதியிருந்தார்கள். விளையாட்டுச் செய்தியில் எண் தப்பினால் என்ன மிச்சம் என்று மூன்று மதிப்பெண் குறைத்தேன். பத்தொன்பதாவது கட்டுரையில் கோல் அடித்தவரின் பெயரையே மாற்றி எழுதியிருந்தார்கள். அரை மதிப்பெண் குறைத்துவிட்டு அடுத்ததைப் புரட்டினேன். மறுநாள் பட்டியலைப் பார்த்தபோதுதான் உறைத்தது. ஒரே நடுவரின் கண்டிப்பும் ஒரே மாலைக்குள் கரைந்துவிடுகிறது. அதனால் உரைகல் கட்டுரைகளைக் கட்டின் மேலே அடுக்காமல் முதலிலும் நடுவிலும் கடைசியிலும் செருகச் சொல்கிறேன். எது உரைகல் என்று நடுவருக்குத் தெரியவும் கூடாது.

அன்புடன்,
இழைக்குத் தாமதமாக வந்தவன்

———

ஐயா, வணக்கம்.

உங்கள் விளக்கத்தில் இரண்டு இடங்கள் எனக்கு இடறுகின்றன. ஒன்று, கண்டிப்பு என்றால் இறுக்கம் மட்டும்தானே? தாராளக் கைக்காரரிடம் கழிப்பதையும் கண்டிப்பீடு என்பீர்களா? இரண்டு, எங்கள் குழுவில் ஒரு நடுவர் எல்லாருக்கும் 11 முதல் 13க்குள்தான் போடுவார். இன்னொருவர் 5இலும் நிற்பார், 19க்கும் போவார். இருவர் சராசரியும் 12தான். உங்கள் கணக்கு இவர்களை விட்டுவிடுகிறது. ஆனால் அணியின் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது இரண்டாமவரின் பேனா மட்டுமே.

———

தம்பி,

முதலாவதற்குப் பதில் உண்டு. குட்டையான கயிற்றையும் “எவ்வளவு நீளம்” என்றுதான் கேட்கிறோம். இறகுக்கும் எடைதான் பார்க்கிறோம். அளவின் ஒரு முனை முழு அளவுக்கும் பெயராவது தமிழில் பழக்கம்தான். கண்டிப்பு குறைந்தவருக்கும் கண்டிப்பீடுதான், குறி மட்டும் கழித்தல்.

இரண்டாவதில் நீங்கள் சொல்வது சரி. அது வேறு நோய். கையின் இறுக்கம் ஒன்று, கையின் வீச்சு இன்னொன்று. வீச்சைச் சரிசெய்யத் திட்ட விலக்கத்தால், அதாவது மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவால், வகுக்க வேண்டும், அதற்கு மூன்று உரைகல் போதாது. மூன்று கட்டுரையை வைத்து ஒருவரின் வீச்சை அளந்தால் தற்செயலைத்தான் அளப்போம். இரண்டையும் ஒரே சொல்லில் திணிக்காமல் இருப்போம். வீச்சுக்கு நீங்களே ஒரு சொல் கொண்டு வாருங்கள். ‘வீச்சீடு’ மட்டும் வேண்டாம், வாயில் நுழையவில்லை.

அதுவரை விதிமுறைத் தாளுக்கு இந்த வாசகத்தை வைக்கிறேன், பிழையிருந்தால் சொல்லுங்கள்:

“ஒவ்வொரு நடுவரும் மூன்று உரைகல் கட்டுரைகளை மதிப்பிடுவார். அவற்றில் அவருடைய சராசரி, எல்லா நடுவர்களின் பொதுச் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறதோ அவ்வளவும் அவர் படித்த ஒவ்வொரு கட்டுரைக்கும் கண்டிப்பீடாகக் கூட்டவோ கழிக்கவோ படும். கண்டிப்பீட்டுக்கு முந்தைய மதிப்பெண், பிந்தைய மதிப்பெண் இரண்டும் முடிவுப் பட்டியலில் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடப்படும்.”