நீண்ட தூர சைக்கிள்: எடையைக் கடைசியில் பாருங்கள்

சைக்கிள் வாங்கப் போகிறேன் என்று யார் வந்தாலும் முதலில் கேட்பது எத்தனை கிலோ என்றுதான். ஆள், சைக்கிள், பை எல்லாம் சேர்ந்து 85 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள், அதில் ஒரு கிலோவைக் குறைத்தால் ஒரு மணி நேர ஏற்றத்தில் மிச்சமாவது ஒரு நிமிடம்கூட இல்லை, சமதளத்தில் அதுவும் கிடையாது. பிரெவே என்று குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நீண்ட தூர ஓட்டம் ஒன்று உண்டு, அதில் 600 கிலோமீட்டருக்கு 40 மணி நேரம் தருகிறார்கள், நின்றது தின்றது தூங்கியது எல்லாம் அதற்குள் அடக்கம். கணக்குப் பார்த்தால் மணிக்கு 15 கிலோமீட்டர்தான். சைக்கிள் போய்விடும், நீங்கள் அத்தனை நேரம் அதன்மேல் உட்கார்ந்திருக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

ஒரு 300 கிலோமீட்டர் பிரெவேயில் பாதி தாண்டிய கண்ட்ரோலில், அதாவது வந்த நேரத்தைப் பதிகிற இடத்தில், எனக்கு முன்னால் நின்றவர், தண்ணீர் பாட்டில் மூடியைத் திருக முடியாமல் என்னிடம் நீட்டினார். மோதிர விரலிலும் சுண்டு விரலிலும் உணர்ச்சியே இல்லையாம். உள்ளங்கையின் அடிப்பகுதி வழியாகப் போகும் நரம்பு ஹேண்டில்பாரில் மணிக்கணக்கில் அழுந்தினால் சரியாக இந்த இரண்டு விரலும்தான் மரக்கும். வெளியே போய் அவர் சைக்கிளைப் பார்த்தேன். அருமையான கார்பன் பிரேம், ஒரு விரலால் தூக்கலாம், ஆனால் ஹேண்டில்பார் சீட்டைவிட நாலு விரற்கடைக்கு மேல் தாழ்ந்திருந்தது, உடம்பின் பாரம் முழுக்கக் கையில். ஒரு மணி நேரப் பந்தயத்துக்கு அது சரி. அன்று எப்படியோ முடித்துவிட்டார், விரல்கள் தெளியச் சில வாரம் ஆனதாகப் பிறகு சொன்னார்.

அதனால் 54, 56 என்று ஒட்டியிருக்கும் சைஸை நம்பாதீர்கள், ஒரு கம்பெனியின் 54 இன்னொன்றில் வேறு மாதிரி இருக்கும். ஸ்டாக் (stack), ரீச் (reach) என்று இரண்டு அளவு போட்டிருப்பார்கள். பெடல் தண்டுகள் சுழலும் நடு அச்சிலிருந்து பிரேமின் முன்பக்க உச்சி எவ்வளவு உயரம், எவ்வளவு முன்னே, அவ்வளவுதான். ஸ்டாக்கை ரீச்சால் வகுத்தால் 1.5 பக்கம் வந்தால் நிமிர்ந்து உட்காரலாம், 1.4 பக்கம் இறங்கினால் குனிய வேண்டிவரும். கடை வாசலில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்ப்பதில் ஒன்றும் தெரியாது, எல்லாச் சைக்கிளும் பத்து நிமிடம் சுகமாகத்தான் இருக்கும். யாரிடமாவது இரவல் வாங்கி அரை நாள் ஓட்டுங்கள். சீட் பொருந்தாவிட்டால் சீட்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், பிரேமை மாற்ற முடியாது.

அப்புறம் கியர். முன்னால் 34 பல், பின்னால் 34 பல் இருந்தால் பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரமும் ஒரு சுற்று. இவ்வளவு சின்ன கியர் எதற்கு என்று கடையில் சிரிப்பார்கள், 200 கிலோமீட்டருக்கு அப்புறம் வரும் மேட்டில் அவர்கள் உங்கள் கூட இருக்கப் போவதில்லை. 32 மில்லிமீட்டர் டயர் நுழைகிற இடம் இருக்கிறதா என்று பாருங்கள், அகல டயரில் காற்றைக் குறைத்து வைத்தால் கரடு முரடான சாலையின் அதிர்வு கைக்கு வருவது வெகுவாகக் குறையும், வேகமும் அப்படியொன்றும் போய்விடாது. ஸ்டீலா கார்பனா என்ற சண்டையில் எனக்கு ஆர்வம் இல்லை, டயரும் உட்காரும் நிலையும் சரியாக இருந்தால் இரண்டிலும் போகலாம்.

400 கிலோமீட்டருக்கு மேல் போனால் ராத்திரி ஓட்டுவது நிச்சயம். சக்கரம் சுற்றும்போதே விளக்குக்கு மின்சாரம் தரும் டைனமோ ஹப் போட்டால் சார்ஜ் கவலை இல்லை, கொஞ்சம் இழுக்கும், எனக்கு அது பரவாயில்லை.

கடைசியாக, கியர் மாற்றச் செயினைத் தள்ளும் பின் டெரெய்லரைப் பிரேமோடு பிடித்திருக்கும் சின்ன ஹேங்கர். சைக்கிள் வலப்பக்கம் விழுந்தால் முதலில் வளைவது அதுதான், பெரும்பாலும் மாடலுக்கு மாடல் வேறு வடிவம், வழியில் இருக்கும் கடையில் கிடைப்பது அரிது. சைக்கிள் வாங்கும்போதே கூடுதலாக ஒன்று கேட்டு வாங்கி, சீட்டுக்கு அடியில் தொங்கும் பையில் போட்டுவிடுங்கள்.