தமிழில் இயற்கை, காட்டுயிர் பற்றி எதில் ஆரம்பிக்கலாம்?

கண்மாய்க்கரை:
அக்கா மகன் எட்டாவது படிக்கிறான். யூடியூபில் சிங்கம் எருமையை அடிக்கிற வீடியோவாகவே பார்க்கிறான், ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டி காடு பற்றி வாய் ஓயாமல் பேசுவான், ஆனால் எங்கள் ஊர்க் கண்மாயில் நிற்பது கொக்கா நாரையா என்று கேட்டால் மாமனுக்கும் தெரியாது மருமகனுக்கும் தெரியாது. (சிவகங்கைப் பக்கம்.) புத்தகம், தளம், வீடியோ எதுவானாலும் சொல்லுங்கள். ‘மரம் வளர்ப்போம், மழை பெறுவோம்’ கட்டுரை வகை மட்டும் வேண்டாம்.

காட்டுக்கோழி:
முதலில் க்ரியா வெளியிட்ட ‘பறவைகள்: அறிமுகக் கையேடு’, ப. ஜெகநாதனும் ஆசையும் எழுதியது. நம்மூரில் சாதாரணமாகக் கண்ணில் படுகிற பறவைகள் படத்தோடு இருக்கும், கையில் எடுத்துக்கொண்டு கண்மாய்க்கே போகலாம்.

அப்புறம் மா. கிருஷ்ணன். இவரைப் படிக்காமல் தமிழில் இயற்கை எழுத்து பற்றிப் பேசுவதே வீண் என்பது என் கட்சி. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950இல் தொடங்கிய பத்தியை 1996இல் இறக்கும் வரை எழுதியவர். தமிழிலும் எழுதியிருக்கிறார், அவற்றைத் தியடோர் பாஸ்கரன் தொகுத்து ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்று காலச்சுவடு போட்டது. அணிலையும் காக்கையையும் பற்றிப் புலிக்குக் கொடுக்கிற மரியாதையோடு எழுதுவார். தியடோர் பாஸ்கரனின் ‘இன்னும் பிறக்காத தலைமுறைக்காக’ அதற்கு அடுத்து. அவர் தபால் துறையில் பெரிய பதவியில் இருந்தவர், ஆனால் அலுவலக வாடையே அடிக்காது. புலி ஆய்வாளர் உல்லாஸ் கரந்த் ஆங்கிலத்தில் எழுதிய புலி பற்றிய நூலையும் ‘கானுறை வேங்கை’ என்று பாஸ்கரனே தமிழில் தந்திருக்கிறார்.

ஸ்பிளெண்டர்_சிவா:
அண்ணே, பதின்மூன்று வயசுப் பையனுக்கு மா. கிருஷ்ணனா? நல்ல எழுத்துதான், மறுக்கவில்லை, ஆனால் அவன் இரண்டு பக்கத்தில் போனை எடுத்துவிடுவான். போனிலேயே ஆரம்பிக்க விடுங்கள். மெர்லின் என்று ஒரு செயலி, கார்னெல் பறவையியல் ஆய்வகம் இலவசமாகத் தருவது, இந்தியாவுக்கான தொகுப்பை ஒரு முறை இறக்கிவிட்டால் நெட் இல்லாமலும் குரலை வைத்தே பறவையைச் சொல்லும். எப்போதும் சரியாகச் சொல்லாது, கண்ணால் பார்த்த பிறகுதான் நம்ப வேண்டும். பார்த்த பறவைகளை யார் வேண்டுமானாலும் பதியக்கூடிய ஈபேர்ட் என்ற தளத்தில் பட்டியலாகப் போடலாம். பொங்கல் சமயத்தில் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும், குறைந்தது 15 நிமிடம் ஓர் இடத்தில் பார்த்து ஈபேர்டில் ஏற்றினால் போதும், மொட்டைமாடியாக இருந்தாலும் சரி. நம்ம பட்டியலும் கணக்கில் சேருகிறது என்று தெரிந்தால் பையன் தானாக எழுந்திருப்பான்.

கொக்கு நாரை சமாச்சாரம்: பறக்கும்போது பாருங்கள். கழுத்தை மடக்கிக்கொண்டு பறந்தால் கொக்கு வகை, முன்னால் நீட்டிக்கொண்டு பறந்தால் நாரை. சாம்பல் நாரை என்கிறோமே, அது பேருக்குத்தான் நாரை, கழுத்தை மடக்கித்தான் பறக்கும்.

கண்மாய்க்கரை:
ஆகா, இது ஒன்றே போதும் இந்த வாரத்துக்கு. வீடியோவில் எதுவும் உருப்படியாக இல்லையா?

தேயிலைத்தோட்டம்:
இருக்கிறது, ஆனால் சலித்து எடுக்கணும். நெட்பிளிக்ஸின் ‘அவர் பிளானட்’ தொடரை 2020இல் யூடியூபிலேயே இலவசமாகப் போட்டார்கள். பிபிசியின் ‘பிளானட் எர்த்’ இரண்டாம் தொடரில் நகரங்கள் பற்றிய பகுதியைத் தேடிக் காட்டுங்கள், ராத்திரி மும்பைக்குள் சிறுத்தை நடமாடுவது வரும், செரெங்கெட்டி மயக்கம் கொஞ்சம் தெளியும். 2023இல் ஆஸ்கர் வாங்கிய ‘தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்’ நம் முதுமலை தெப்பக்காடு முகாமில் எடுத்தது, அழகான படம், ஆனால் அது தாயில்லாக் குட்டிகளை மனிதர் வளர்க்கிற கதை. காட்டு யானை ஏன் தோட்டத்துக்கு வருகிறது, வழித்தடம் ஏன் அடைபடுகிறது என்பதற்கு அதில் பதில் இருக்காது. அதற்கு ச. முகமது அலியும் யோகானந்தும் எழுதிய ‘யானைகள்: அழியும் பேருயிர்’ படிக்கணும்.

தயவுசெய்து இந்த நல்லபாம்பைப் பிடித்து ஆட்டிக் காட்டுகிற சேனல்களையும், கிளிக்குஞ்சு வளர்ப்பு வீடியோக்களையும் பையனிடமிருந்து தள்ளி வையுங்கள். நம் காட்டுக் கிளியைக் கூண்டில் வைப்பதே 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம், அதை ‘க்யூட்’ என்று லட்சம் பேர் லைக் போடுகிறார்கள். எரிச்சலாக வருகிறது.

வங்காலையான்:
நான் மன்னார்ப் பக்கம். எங்கட பக்கத்து எழுத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கோ. பொ. ஐங்கரநேசனின் ‘ஏழாவது ஊழி’ நல்ல சூழலியல் கட்டுரைத் தொகுப்பு, எட்டாம் வகுப்புக்குக் கொஞ்சம் கனம்தான், மாமன் வாசிக்கலாம். இலங்கைப் பழைய தமிழ் நூல்களும் சஞ்சிகைகளும் வேண்டுமென்றால் ‘நூலகம்’ என்ற இணையதளத்தில் இலவசமாக இருக்கு, தேடிப் பார்க்கப் பொறுமை வேணும். ஈபேர்ட் இங்கேயும் பாவிக்கிறம், வங்காலைக்குப் பூநாரைகள் வந்தால் முதலில் அதிலதான் தெரியும்.

காட்டுக்கோழி:
சிவா சொன்னதை ஒத்துக்கொள்கிறேன், செயலியில் ஆரம்பிக்கட்டும், கையேடு பையில் இருக்கட்டும். இன்னொன்று, ஏர்லி பேர்ட் என்ற தளத்தில் பறவைச் சுவரொட்டிகளும் சிறு கையேடுகளும் தமிழிலேயே கிடைக்கின்றன, அச்செடுத்து அவன் பள்ளிச் சுவரில் ஒட்டலாம். படம் எடுக்கத் தொடங்கினான் என்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: கூட்டுக்குப் பக்கத்தில் போகக் கூடாது, கூடு இருக்கிற இடத்தை இன்ஸ்டாவில் போடவே கூடாது.