ஐந்து தாள், மூன்றே மாற்றம்: எப்படிப் புரியவைப்பது?

வணக்கம். பெங்களூரு அல்சூரில் வீட்டில் வைத்துப் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேருக்கு பபிள் சார்ட் (bubble sort: பக்கத்துப் பக்கத்து எண்களை ஒப்பிட்டு, இடம் மாற்றி மாற்றியே வரிசைப்படுத்தும் முறை) சொல்லித்தருகிறேன், ஒரு இடத்தில் உதவி வேண்டும்.

தினசரி காலண்டரில் கிழித்த 5, 2, 4, 1, 3 தாள்களைத் தரையில் பரப்பி, பக்கத்துத் தாளோடு மட்டும் இடம் மாற்றி அடுக்கச் சொன்னேன். 7 மாற்றம். பெரியது முன்னால், சிறியது பின்னால் என்று தப்பாக நிற்கும் ஜோடிகளை எண்ணினாலும் அதே 7தான், ஏனென்றால் ஒவ்வொரு மாற்றமும் அப்படி ஒரே ஒரு ஜோடியைத்தான் சரிசெய்யும். பத்துத் தாள் முழுக்கத் தலைகீழாக இருந்தால் 45.

அப்புறம் ஒரு பெண் தூரத்துத் தாளையும் மாற்றலாமா என்று கேட்டு, 5-1, 4-3, 5-4 என மூன்றே மாற்றத்தில் முடித்துவிட்டாள்! எனக்கு அவ்வளவு சந்தோஷம். 5 போகவேண்டிய இடத்தில் 3, அதன் இடத்தில் 4, அதன் இடத்தில் 1, அதன் இடத்தில் மறுபடி 5: இது ஒரு சுழற்சி, அசையாத 2 இன்னொன்று. அடுக்கி முடித்தால் ஒவ்வொரு தாளும் தனித்தனிச் சுழற்சி, மொத்தம் ஐந்து. இப்போது இருப்பது இரண்டு; ஒரு மாற்றத்துக்கு ஒன்று கூடினால், ஐந்தில் இரண்டு போக மூன்று மாற்றம்.

ஆனால் ஒரு மாற்றம் சுழற்சிகளின் எண்ணிக்கையை ஒன்றுக்கு மேல் கூட்டவே முடியாது என்பதை, பெரிய கணிதம் இல்லாமல், தாளும் நூலும் வைத்தே காட்ட வழி உண்டா? சனிக்கிழமை வகுப்பு. யாராவது இப்படிச் சொல்லிக்கொடுத்திருந்தால் எழுதுங்கள்.