ஜார்க்கண்ட் விடுதிப் பள்ளியில் கற்பிக்கும் ஊழியம்: அழைப்பை எப்படி நிச்சயிப்பது?

கேள்வி: நெல்லை கணித ஆசிரியர்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். பி.எஸ்சி. கணிதம், பி.எட். முடித்து ஒரு தனியார் மெட்ரிக் பள்ளியில் வேலை பார்க்கிறேன். மனைவி நர்ஸ். 4 வயதில் பெண் பிள்ளை. ஜார்க்கண்டில் ராஜ்மகால் மலைப்பகுதியில் மால்தோ பழங்குடிப் பிள்ளைகளுக்காக நடக்கும் ஒரு மிஷன் விடுதிப் பள்ளிக்கு, 6 முதல் 10 வரை கணக்கும் அறிவியலும் எடுக்க ஆள் தேவை என்று எங்கள் சேகரத்து மிஷனரிக் கூட்டத்தில் சொன்னார்கள். அதிலிருந்து அந்தப் பாரம் மனதை விட்டுப் போகவில்லை.

இது ஆண்டவருடைய அழைப்பா, இப்போதைய வேலையில் வந்த சலிப்பா என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. வாக்குத்தத்த வசனம் (தேவன் வாக்குக் கொடுக்கும் வேத வசனம்) கிடைத்துவிட்டால் கிளம்பிவிடலாம் என்கிறார்கள் சிலர். சின்னப் பிள்ளையை வைத்துக்கொண்டு அந்தக் காட்டுக்கா என்கிறார்கள் வேறு சிலர். விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்யும் முன் என்னென்ன பார்க்க வேண்டும்? அங்கே வேலை எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களும் சொல்லுங்கள்.

பதில்: சபை மூப்பர்

தம்பி, ஒரே கேள்விக்குள் மூன்று கேள்விகளைக் கட்டி வைத்திருக்கிறீர்கள். பிரித்துவிட்டால் பாதித் தெளிவு வந்துவிடும்.

கற்பிக்கும் வரம் உங்களுக்கு உண்டா என்பது முதலாவது. இதற்கு ஜார்க்கண்டுக்குப் போக வேண்டியதில்லை. இப்போதைய வகுப்பில் கடைசி பெஞ்சுப் பிள்ளைகள் உங்களிடம் வந்து சந்தேகம் கேட்கிறார்களா? மெதுவாகப் படிக்கிறவனோடு இருக்கப் பொறுமை இருக்கிறதா? தலைமை ஆசிரியரையும் கூட வேலை செய்யும் இரண்டு பேரையும் கேளுங்கள். நூற்றுக்கு நூறு எடுக்கிற பிள்ளைகளோடு மட்டும் மனம் ஒட்டுகிறது என்றால் அந்தப் பள்ளி உங்களுக்கு மிகவும் கடினமாக இருக்கும்.

இரண்டாவது, பிள்ளைகளோடு ஒரே வளாகத்தில் குடியிருக்கும் அழைப்பு. இதைத்தான் அநேகர் யோசிப்பதில்லை. நல்ல ஆசிரியராக இருப்பவர்கூட விடுதி வாழ்க்கையில் ஒரு வருடத்தில் ஓய்ந்துபோகலாம். பள்ளி மணி அடித்தபிறகும் வேலை முடியாது. உங்கள் கோபம், ஜெபம், வீட்டுச் சண்டை எல்லாம் பிள்ளைகளின் கண்முன் நடக்கும்.

மூன்றாவது, அந்த இடமும் அந்த ஸ்தாபனமும். மற்ற இரண்டுக்கும் 'ஆம்' என்று வந்து, இதற்கு மட்டும் 'இல்லை' என்று வரலாம். அப்படியானால் உங்கள் அழைப்பு பொய் என்று ஆகாது. பவுல் பித்தினியாவுக்குப் போகப் பார்த்தார், ஆவியானவர் இடங்கொடுக்கவில்லை. பிறகு துரோவாவில், மக்கெதோனியாவுக்கு அழைக்கும் தரிசனம் கண்டவர் அவர் ஒருவர்தான். ஆனால் ஆண்டவர் அழைத்திருக்கிறார் என்று நிச்சயித்துக்கொண்டது கூட இருந்தவர்களும் சேர்ந்து என்று அப்போஸ்தலர் 16 சொல்கிறது. 13ஆம் அதிகாரத்தில் அந்தியோகியா சபையில் உபவாசித்து ஜெபித்துத்தான் பவுலையும் பர்னபாவையும் அனுப்பினார்கள். தனியாகக் கேட்டுத் தனியாகக் கிளம்புவது வேத முறை அல்ல.

வாக்குத்தத்த வசனத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வசனம் ஆறுதல் தரும், திடப்படுத்தும். ஆனால் அதை மட்டும் வைத்து முடிவு எடுக்காதீர்கள். கிதியோன் ஆட்டுத்தோலை விரித்துத் தேவனிடம் அடையாளம் கேட்டது அழைப்பைத் தெரிந்துகொள்வதற்கு அல்ல; அதைத் தேவன் ஏற்கெனவே தெளிவாகச் சொல்லியிருந்தார்.

சலிப்பா என்று பார்க்க ஒரு வழி உண்டு. இப்போதைய பள்ளியில் நிர்வாகம் மாறி, சம்பளமும் கூடி, எல்லாம் சரியாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் அந்த மலைப்பிள்ளைகளின் நினைவு நிற்குமா? நின்றால் அது சலிப்பு அல்ல. உடனே பதில் வராவிட்டால் காத்திருங்கள். நெகேமியா எருசலேமின் அலங்கம் இடிந்துகிடக்கும் செய்தியைக் கிஸ்லே மாதத்தில் கேட்டு, நிசான் மாதத்தில்தான் ராஜாவிடம் பேசினார். ஏறக்குறைய நாலு மாதம். அங்கே பள்ளி ஆண்டு ஏப்ரலில் தொடங்குவதால் உங்களுக்கும் அவகாசம் இருக்கும்.

கடைசியாக, உங்கள் ஆயரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்கும்போது உங்கள் பலவீனங்களையும் எழுதச் சொல்லுங்கள். புகழ்ச்சி மட்டும் உள்ள கடிதத்தைக் கொண்டு தேர்வுக்குழு எதையும் தீர்மானிக்க முடியாது.

பதில்: இந்தி வழி ஆசிரியர்

வேலை எப்படி என்று கேட்டதற்குச் சொல்கிறேன் பிரதர்.

முதல் மதில் மொழி. பிள்ளைகள் வீட்டில் பேசுவது மால்தோ. அது திராவிட மொழிதான், ஆனால் ஒராவோன் பழங்குடியினர் பேசும் குடுக் மொழிக்கு நெருங்கியது. தமிழ் தெரிந்தால் புரியும் என்று நினைக்க வேண்டாம். புத்தகம் இந்தியில். ஆகவே உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் இந்தி இரண்டாம் மொழி. வீட்டுப் பேச்சு இந்தி போதாது, கணக்கு இந்தி தனியாகப் படிக்க வேண்டும். இந்தியில் 1 முதல் 100 வரை எண்ணின் பெயர்களைக் கிட்டத்தட்ட ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்துதான் ஆக வேண்டும். தமிழில் எழுபத்தொன்பது என்றால் எழுபதும் ஒன்பதும் காதில் விழும். அங்கே 79 'உன்யாசி', 89 'நவாசி'. வாய்விட்டுக் கணக்குச் சொல்லும்போது இந்த இடத்தில்தான் தமிழ் ஆசிரியர் தடுமாறுவார், வகுப்பே தப்பான எண்ணை எழுதிவிடும். பின்னத்திலும் கவனம் வேண்டும். நாம் 'மூன்றில் இரண்டு' என்று கீழே உள்ளதை முதலில் சொல்வோம். அவர்கள் 'தோ பட்டே தீன்' என்று மேலே உள்ளதை முதலில் சொல்வார்கள். பழக்கத்தில் 3, 2 என்ற வரிசையில் சொன்னால் பிள்ளை தலைகீழாக எழுதும். போகும்முன் மூன்று, நாலு மாதம் தினமும் ஒரு மணி நேரம் 6, 7ஆம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. இந்தி வழிக் கணக்குப் புத்தகத்தைச் சத்தமாக வாசியுங்கள்.

அடுத்தது பிள்ளைகளின் நிலை. பலர் வீட்டில் முதல்முறையாகப் படிக்க வந்தவர்கள். 7ஆம் வகுப்பில் இருப்பவனுக்கு 403-இலிருந்து 178-ஐக் கழிக்கத் தெரியாமல் இருக்கலாம், நடுவில் இருக்கும் பூஜ்யத்தில் கடன் வாங்கும் இடத்தில் நின்றுவிடுவான். முதல் வாரமே பாடம் தொடங்கிவிட வேண்டாம். கூட்டல், கடன் வாங்கிக் கழித்தல், ஓரிலக்க வகுத்தல், எளிய பின்னம் என்று ஒரு பக்கச் சோதனைத்தாள் வைத்து, மாலை ஸ்டடி நேரத்தில் வகுப்பைப் பார்க்காமல் நிலையைப் பார்த்துக் குழு பிரியுங்கள். பகலில் புத்தகம், மாலையில் அடித்தளம். இந்த மாலை நேரம் பகல் பள்ளி ஆசிரியருக்குக் கிடைக்காத வரம். விடுதி ஊழியத்தின் பெரிய பலனே இதுதான் என்பேன்.

நாள் முழுக்க வேலை இருக்கும். விடியற்காலை எழுப்புதல், தியானம், ஸ்டடி, பள்ளி, விளையாட்டு, தோட்டவேலை, மறுபடி ஸ்டடி, இரவு ஜெபம். அதற்கு மேல் இரவுப் பொறுப்பு முறை வைத்து வரும். வாரத்தில் ஒரு முழுநாள் ஓய்வு எழுத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். 'தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளலாம்' என்று பதில் வந்தால் ஓய்வு இல்லை என்றே அர்த்தம்.

உடல்நலமும் உங்கள் வேலைதான். ஒரு பிள்ளைக்குச் சொறி வந்தால் அந்த ஒருவனுக்கு மட்டும் மருந்து போட்டுப் பயனில்லை. அறையில் உள்ள எல்லாருக்கும் ஒரே இரவில் 5 சதவீத பெர்மெத்ரின் களிம்பைக் கழுத்துக்குக் கீழே விரலிடுக்குவரை பூசி, மறுநாள் துணி, போர்வை எல்லாவற்றையும் வெந்நீரில் அலசி வெயிலில் போட்டு, ஒரு வாரம் கழித்து மறுபடியும் பூச வேண்டும். ஒரே ஒரு போர்வை விட்டுப்போனாலும் திரும்ப வந்துவிடும். மலேரியா உண்டு. சாகிப்கஞ்ச், பாகூர், கோட்டா, தும்கா நான்கும் காலா அசார் (கருங்காய்ச்சல்) இருந்துவரும் மாவட்டங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் விடாத காய்ச்சல், வயிற்றில் இடதுபக்கம் வீக்கம் என்றால் பாராசிட்டமால் கொடுத்துக் காத்திருக்கக் கூடாது. பக்கத்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், இரவில் வண்டி யாருடையது என்பதைப் போகும் முன்பே கேட்டு வையுங்கள்.

பதில்: நிர்வாகம், கணக்கு

ஸ்தாபனத்திடம் கேட்க வேண்டியவற்றை நான் சொல்கிறேன். கேட்பது அவிசுவாசம் அல்ல. கோபுரம் கட்டுகிறவன் உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்குப் பார்க்கச் சொன்னவர் ஆண்டவரே.

பள்ளிக்கு அரசு அங்கீகாரம் உண்டா? அரசின் பள்ளித் தகவல் பதிவில் உள்ள 11 இலக்க யு-டைஸ் எண்ணைக் கேளுங்கள். அங்கீகாரம் இல்லை என்றால் 10ஆம் வகுப்புப் பிள்ளைகள் எந்தப் பள்ளியின் பேரில் தேர்வு எழுதுகிறார்கள் என்று கேளுங்கள். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளைகள் விடுதியில் இருந்தால், 2015 சிறார் நீதிச் சட்டம் 41ஆம் பிரிவின்படி பதிவு கட்டாயம்.

எழுத்தில் பிள்ளைகள் பாதுகாப்புக் கொள்கை இல்லாத இடத்துக்குப் போகவே வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பூட்டிய அறையில் பெரியவர் ஒருவர் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது, பெண்பிள்ளைகள் பகுதிக்கு இரவில் ஆண் ஊழியர் போகக் கூடாது, புகார் வந்தால் யாரிடம் போக வேண்டும், எல்லாம் அதில் இருக்க வேண்டும். போக்சோ சட்டம் 19ஆம் பிரிவின்படி, குற்றம் நடந்தது தெரிந்தவர் காவல்துறையிடம் சொல்லியே ஆக வேண்டும். 'ஊழியத்தின் பேர் கெட்டுவிடும், உள்ளேயே ஜெபித்துத் தீர்ப்போம்' என்று மறைத்தால் 21ஆம் பிரிவில் தண்டனை. ஸ்தாபனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை. அடிப்பதைப் பற்றியும் நேரடியாகக் கேளுங்கள். பிரம்பை ஒழுக்கம் என்று சொல்லும் வார்டனோடு நீங்கள் வேலை செய்ய வேண்டியிருக்கும். பிள்ளைகளின் படம், பேர், கிராமம் போட்டு ஜெபக்கடிதம் அனுப்பும் பழக்கமும் பலருக்கு உண்டு. பாதுகாப்புக்குரிய பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவதைச் சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடுக்கிறது.

ஜெபம், வேதபாடம் விஷயத்திலும் தெளிவு வேண்டும். அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியில் சம்மதமின்றி மத போதனையிலோ ஆராதனையிலோ பங்குபெறச் சொல்லக் கூடாது, சிறுவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று அரசியலமைப்பின் 28(3) சொல்கிறது. சேர்க்கைப் படிவத்திலேயே, பெற்றோருக்குப் புரியும் மொழியில் வாசித்துக் காட்டிக் கையெழுத்தோ கைநாட்டோ வாங்குகிறார்களா? ஜார்க்கண்டில் 2017 முதல் மதச் சுதந்திரச் சட்டம் உண்டு. வற்புறுத்தியோ ஆசை காட்டியோ மதம் மாற்றுவது குற்றம். சிறுவர், பழங்குடியினர் என்றால் தண்டனை கூடும். படிப்பையும் சோற்றையும் காட்டி ஒரு பிள்ளையின் மனதை வளைக்கக் கூடாது. சட்டம் இல்லாவிட்டாலும் நாம் அதைச் செய்யக் கூடாது.

பணம். உதவித்தொகை எவ்வளவு, எந்தத் தேதியில் வரும், காணிக்கை குறைந்த மாதத்தில் என்ன செய்வார்கள்? நீங்களே ஆதரவாளர்களைத் திரட்ட வேண்டுமா? 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமென்றால் வருங்கால வைப்புநிதி பிடிக்கிறார்களா? மருத்துவக் காப்பீடு குடும்பத்துக்கு எவ்வளவு? ஊருக்கு வர ரயில் கட்டணம் யாருடையது? மூன்று வருடத் தணிக்கைக் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். வெளிநாட்டுப் பணத்தை நம்பியிருக்கும் இடமென்றால், அதைப் பெற அரசு தரும் அனுமதி 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டியது. நின்றுபோனால் ஆசிரியர்களுக்கு எங்கிருந்து வரும் என்றும் கேளுங்கள். உங்கள் பக்கம் கடன் இருந்தால் அடைத்துவிட்டுக் கிளம்புங்கள். மாதத் தவணையைத் தலையில் வைத்துக்கொண்டு விசுவாச ஊழியத்துக்குப் போனால் இரண்டையும் தாங்க முடியாது.

பதில்: பணித்தள அக்கா

தம்பி, உங்கள் கேள்வி முழுக்க 'நான்' என்று இருக்கிறது. மனைவி என்ன சொல்கிறார்கள் என்று எழுதவே இல்லை. நேர்காணலில் அவர்களைத் தனியாகப் பேசவிடச் சொல்லுங்கள். 'அவருக்கு விருப்பம், அதனால் எனக்கும்' என்ற பதில் முதல் கோடைவரைதான் தாங்கும்.

நர்ஸ் என்பதால் கேட்காமலேயே விடுதி முழுவதும் அவர்கள் பொறுப்பாகிவிடும், இரவு இரண்டு மணிக்கும் கதவு தட்டப்படும். அது வேலையா, உதவியா, அதற்குத் தனி உதவித்தொகை உண்டா என்று முன்பே பேசுங்கள். பதிவை அந்த மாநில நர்சிங் கவுன்சிலுக்கு மாற்றவும் வேண்டும். தனிச் சமையலறையும் தனிக் கழிப்பறையும் உள்ள வீடா என்று பாருங்கள். உங்கள் பெண்ணை இரண்டு வருடத்தில் எங்கே சேர்ப்பீர்கள்? அதே பள்ளியில் என்றால் இந்தி வழி, திரும்பி வந்தால் தமிழில் ஆரம்பத்திலிருந்து. வீட்டில் தினமும் தமிழ் வாசிப்பு அரை மணி நேரமாவது நடத்த வேண்டும். இன்னொன்று: நூறு பிள்ளைகளுக்கு அப்பாவாக இருப்பவர் சொந்தப் பிள்ளைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்காமல் போவது விடுதிகளில் சாதாரணமாக நடக்கிறது. பிள்ளைக்கு வாய் இருக்காது, நீங்கள்தான் அந்த நேரத்தைப் பிடித்து வைக்க வேண்டும்.

கேட்டவர்: நெல்லை கணித ஆசிரியர்

எல்லாருக்கும் நன்றி ஐயா, நன்றி அக்கா. மனைவியோடு சேர்ந்து வாசிக்கிறேன். போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று நினைக்கிறோம். எப்போது போவது சரி? வேலையை இப்போதே விடலாமா?

பதில்: இந்தி வழி ஆசிரியர்

வேலையை இப்போது விட வேண்டாம் பிரதர். பார்த்துவிட்டு வந்து, சபையில் பேசி, நியமனக் கடிதம் கையில் வந்தபின் நோட்டீஸ் கொடுங்கள்.

காலாண்டு விடுமுறையில் போகலாம் என்று தோன்றும், ஆனால் அந்த நாட்களில் அங்கே துர்கா பூஜை விடுமுறையும் வரும், பிள்ளைகள் வீட்டுக்குப் போயிருப்பார்கள். அரையாண்டு விடுமுறையில் கிறிஸ்மஸ் நிகழ்ச்சிதான் பார்ப்பீர்கள். நம் ஊரில் முழுஆண்டுத் தேர்வு முடிந்ததும் மே முதல் இரண்டு வாரம் போங்கள். பெரும்பாலும் அங்கே கோடை விடுமுறை அதற்குப் பிறகுதான் தொடங்கும், தேதியை மட்டும் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். வெயிலும் தண்ணீர்ப் பஞ்சமும் உச்சத்தில் இருக்கும் காலம், வாளி எண்ணிக் குளிப்பதை உள்ளபடி பார்க்கலாம். முடிந்தால் ஆகஸ்டில் சம்பளமில்லா விடுப்பில் ஒரு வாரம் மறுபடி போய் மழையையும் பாருங்கள். சென்னையிலிருந்து ஹவுரா, அங்கிருந்து பர்ஹர்வா அல்லது சாகிப்கஞ்ச் வண்டி. மூன்று பேருமாகப் போங்கள்.

விருந்தாளி அறை வேண்டாம், ஆசிரியர் குடியிருப்பில் தங்கவையுங்கள் என்று கேளுங்கள். ஒரு வாரம் முழுவதும் மாலை ஸ்டடியை உங்களிடம் கொடுக்கச் சொல்லுங்கள். மூன்று வருடத்துக்கு மேல் அங்கே இருக்கும் ஆசிரியர் ஒருவரிடமும், விட்டு வந்தவர் ஒருவரிடமும் தனித்தனியாகப் பேசுங்கள். விட்டு வந்தவரின் எண்ணைத் தர ஸ்தாபனம் தயங்கினால் அந்தத் தயக்கத்தையும் உங்கள் மூப்பரிடம் சொல்லுங்கள். முதல் ஒப்பந்தம் ஒரு வருடத்துக்கு மட்டும் போடுங்கள், ஏப்ரல் முதல் மார்ச் வரை. நடுவில் விட்டால் 10ஆம் வகுப்புக்குக் கணக்கு ஆசிரியர் இல்லாமல் போகும்.