காரைக்குடியில் பழைய சுவர்க்கடிகாரமும் தொங்குவிளக்கும் பார்த்து வச்சிருக்கோம்: வாங்கலாமுங்களா?

மழைமுற்றம்:

வணக்கமுங்க. கோயமுத்தூர்ல வீட்டு வேலை முடியுற நிலைமையில இருக்கு. முன்கூடத்துல மாட்ட ஒரு பழைய பெண்டுலம் கடிகாரமும், ஊஞ்சலுக்குப் பக்கத்துல தொங்கவிட ஒரு பித்தளை விளக்கும் வேணும்னு ரொம்ப நாள் ஆசை. போன வாரம் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போயிருந்தோம். ஒரு கடையில ரெண்டும் பிடிச்சுப் போச்சு.

கடிகாரத்து டயல்ல ஜங்ஹன்ஸ்னு எழுதி நடுவுல எட்டு முனை நட்சத்திரம் போட்டிருக்கு. கடைக்காரர், "150 வருஷத்துச் சாமான், சுத்த ஜெர்மன், பர்மா தேக்குப் பெட்டி"ன்னார். 22,000 சொல்லி 18,000-க்கு இறங்கினார். ஓடுது, மணியும் அடிக்குது. ஆனா நாலு மணிக்கு ஏழு அடிச்சுது. எங்க வீட்டுக்காரர் அங்கயே சிரிச்சுட்டார்.

விளக்கு தூண்டாமணி விளக்காம். நீளச் சங்கிலி, மேல மணி மாதிரி ஒரு உருண்டை, அதுக்கு மேல ஒரு பறவை, கீழ திரி போடுற தட்டு. 9,500 சொல்றார். எங்க பார்த்தாலும் பச்சைக் களிம்பு. அதை வச்சுப் பழசுன்னு நம்பலாமுங்களா?

முன்பணம் குடுக்கலீங்க. ஞாயித்துக்கிழமை மறுபடி போறோம். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சாவிக்காரன்:

தங்கச்சி, நான் மதுரை. அப்பா காலத்துல இருந்து சாவி கொடுக்கிற கடிகாரம் ரிப்பேர் பாக்குறோம். விளக்கு எனக்குத் தெரியாது, அதுக்குச் செட்டிநாட்டு ஆளுக யாராவது வருவாங்க. கடிகாரத்தை மட்டும் சொல்றேன்.

முதல்ல அந்த ஏழு மணி. அது நோயே இல்ல. பழைய மெஷின் பலதுலயும் மணி அடிக்கிறதுக்கு எண்ணுச்சக்கரம்னு ஒண்ணு உண்டு. அதோட விளிம்புல சின்னதும் பெருசுமா இடைவெளி விட்டு வெட்டு வெட்டியிருக்கும். ஒண்ணுல இருந்து பன்னெண்டு வரைக்கும் 78 அடி, அரை மணிக்கு ஒவ்வொண்ணு சேத்தா 90 அடி, அப்புறம் மறுபடி முதல்ல இருந்து. முள்ளு எங்க நிக்குதுங்கிறது அந்தச் சக்கரத்துக்குத் தெரியாது, அது பாட்டுக்கு வரிசையா அடிச்சுட்டுப் போகும். கடையில யாராவது முள்ளை வேகமாத் திருப்பியிருப்பாங்க, ரெண்டுக்கும் வரிசை தப்பிப் போச்சு. மெஷினுக்குள்ள ஒரு கம்பி இருக்கும், அதைத் தூக்கி விட்டா அடுத்த எண்ணிக்கை அடிக்கும். முள்ளும் அடியும் ஒத்து வர்ற வரைக்கும் தூக்கி விட்டா முடிஞ்சது. இதைக் காட்டி வேணும்னா ஆயிரம் ரெண்டாயிரம் விலை குறைச்சுக் கேளுங்க, நான் சொன்னேன்னு சொல்லாதீங்க.

அடுத்து வயசு. ஜங்ஹன்ஸ் கம்பெனி ஜெர்மனியில ஷ்ராம்பெர்க் ஊர்ல 1861-ல ஆரம்பிச்சது. ஆனா அந்த எட்டு முனை நட்சத்திரம் வந்ததே 1890-லதான். அப்ப 150 வருஷம்னு அவர் சொல்ற கணக்கை அவர் டயலே பொய்யாக்குது. எங்கயாவது 'மேட் இன் ஜெர்மனி'ன்னு இருக்கான்னும் பாருங்க. சாமான்ல நாட்டுப் பேரைப் போடச் சொல்லி இங்கிலாந்துல 1887-லயும், அதை ஒட்டி இந்தியாவுல 1889-லயும் சட்டம் வந்துச்சு. அந்த எழுத்து இருந்தா பெரும்பாலும் அதுக்குப் பிந்தினதுதான்.

ஆனா டயலை வச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க. டயல், பெட்டி, முள்ளு, பெண்டுலம் எல்லாம் மாத்தக்கூடியது. டயலைப் புதுசா அச்சடிச்சே விக்கிறாங்க. பழைய டயல்ல சாவித் துளையைச் சுத்திப் பாத்தா வருஷக்கணக்கா சாவி உரசின கீறல் வட்டமா இருக்கும். துளை ஓரம் பளிச்சுன்னு இருந்தா சந்தேகப்படணும். ரோமன் எண் டயல்ல நாலுக்கு நாலு கோடு போட்டிருந்தா அச்சுப்பிழைன்னு நினைச்சுராதீங்க. பழைய டயல்ல அப்படித்தான் போடுவாங்க.

மெஷினைத்தான் பாக்கணும். கடைக்காரரையே கழட்டிக் காட்டச் சொல்லுங்க. பெண்டுலத்தை எடுத்துட்டு, முள்ளையும் டயலையும் கழட்டி, தாங்குபலகையில இருக்கிற திருகாணியைத் தளர்த்தினா மெஷின் வெளிய வந்துடும். கழட்ட மாட்டேன்னு சொன்னா அடுத்த கடைக்கு நடங்க, அந்தத் தெருவுல கடைக்கா பஞ்சம். ஸ்பிரிங் முறுக்கி இருக்கையில நீங்க எதையும் பிரிக்கப் போயிராதீங்க, விரல் போயிரும்.

வெளிய வந்ததும் பின் தகட்டைப் போட்டோ எடுங்க. கம்பெனி முத்திரை அங்கதான் இருக்கும். ஜங்ஹன்ஸா இருந்தா ஏ அல்லது பி எழுத்து போட்டு ரெண்டு இலக்கம் சில மெஷின்ல இருக்கும். பி 11-ன்னா 1911-ஆம் வருஷம் பின் ஆறு மாசம், ஏ-ன்னா முன் ஆறு மாசம். இது எல்லா மெஷின்லயும் இருக்காது, இருந்தா அதிர்ஷ்டம். அப்புறம் சக்கரத்து அச்சு தகட்டுல நுழையுற துளை ஒவ்வொண்ணையும் பாருங்க. வட்டமா இருக்கணும். நீள்வட்டமாத் தேஞ்சு கறுப்பு எண்ணெய் கசிஞ்சிருந்தா புஷ் (துளைக்குள்ள வைக்கிற புது உலோக வளையம்) போடணும், அது நல்ல செலவு. துளையைச் சுத்தி ஆணியால குத்தின மாதிரிப் புள்ளி இருந்தா, யாரோ கைவேலைக்காரர் துளையை நெருக்கிச் சமாளிச்சிருக்கார். தேங்காயெண்ணெய் விட்டு வச்சிருக்கிற மெஷின் வாரத்துக்கு ஒண்ணாவது எங்கிட்ட வருது. அதைச் சுத்தம் பண்ற பாடு எனக்குத்தான் தெரியும்.

மெஷின் வெளிய இருக்கும்போதே பெட்டியோட பின்பலகையில டார்ச் அடிங்க. உபயோகமில்லாத திருகாணித் துளைக இருந்தா அங்க முன்னாடி வேற மெஷின் உக்காந்திருந்துச்சுன்னு அர்த்தம். தலையில கூட்டல் குறி மாதிரி வெட்டு இருக்கிற ஸ்டார் திருகாணி இருந்தா அது 1930-கள்ல வந்த சமாச்சாரம், பின்னாடி யாரோ போட்டது. பின்பலகை பிளைவுட்டா இருந்தா தேக்குப் பேச்சை அதோட விட்டுரச் சொல்லுங்க.

ஆச்சிவீட்டுப் பேரன்:

சாவிக்காரண்ணே சொன்ன 'செட்டிநாட்டு ஆள்' ஆஜர். தேவகோட்டை.

தூண்டாமணிக்குக் களிம்பு ஒரு சாட்சியே இல்லை. ரசாயனம் பூசி ரெண்டு நாள்ல களிம்பு வரவைக்கிறாங்க. அப்படி வந்தது எல்லா இடத்துலயும் ஒரே பச்சையா, தூள் தூளா இருக்கும். நிஜமாவே புழங்கின விளக்குல கை படுற இடம் வழுவழுன்னு இருக்கும், மடிப்புக்குள்ள எண்ணெய்ப் பிசுக்கு கறுத்துப் போய் நகத்தால சுரண்டினாலும் வராது. சங்கிலிக் கண்ணி ஒண்ணோட ஒண்ணு உரசுற இடத்துல உள்பக்கம் தேய்மானம் இருக்கான்னு பாருங்க. பறவையையும் சங்கிலியையும் செய்துறலாம், அந்தத் தேய்மானத்தைச் செய்யுறது கஷ்டம்.

முக்கியமான சோதனை தண்ணீர். அந்த உருண்டைதான் எண்ணெய்க் கிண்ணம். அடியில ஒரு சின்னத் துளை மட்டும், மத்தபடி காத்துப் புகாத மாதிரி மூடியிருக்கணும். தட்டுல எண்ணெய் அந்தத் துளைக்குக் கீழ இறங்கினா காத்து உள்ள போகும், கொஞ்சம் எண்ணெய் இறங்கும். மட்டம் ஏறித் துளை மூடினதும் நின்னுடும். திரியைத் தூண்ட வேண்டாம், எண்ணெய் ஊத்திக்கிட்டே இருக்க வேண்டாம், ராத்திரி முழுக்க எரியும். எங்க பாட்டையா வீட்டு வளவுல ரெண்டு தொங்கிச்சு, பங்கு பிரிச்சப்ப எங்க போச்சுன்னே தெரியலை.

கடையில தண்ணீர் ஊத்தித் தொங்கவிடச் சொல்லுங்க. கொட்டிக்கிட்டே இருந்தா உருண்டை எங்கயோ விரிசல். வரவே இல்லைன்னா துளை அடைச்சிருக்கு, இல்லாட்டி துளையே விடாம அலங்காரத்துக்கு வார்த்தது. அந்த ரகம் நிறைய வருது. கையில ஒரு காந்தமும் கொண்டு போங்க, ஒட்டினா பித்தளை முலாம் பூசின இரும்பு.

வேலை செய்யுற தூண்டாமணின்னா 9,500 அநியாய விலை இல்லை. தயவுசெஞ்சு அதுல ஓட்டை போட்டு பல்பு மாட்டாதீங்க.

குமரிக்கடல்:

விளக்குன்னதும் வந்தேன். கூடத்துல மாட்ட பெட்ரோமாக்ஸும் நல்லா இருக்கும். பெர்லின்ல ஏரிஷ் அண்ட் கிரேட்ஸ் கம்பெனி செஞ்சது. அதோட மேண்டிலுக்கு (வெளிச்சம் குடுக்கிற வலைத் துணிக்கூடு) தேவையான தோரியம்ங்கிற கதிரியக்க உலோகம் கிடைக்கிற மோனசைட் எங்க மணவாளக்குறிச்சி மண்ணுல இருக்குன்னு 1909-ல கண்டுபிடிச்சவரும் ஒரு ஜெர்மன்காரர்தான். எங்க ஊரு மணல் கப்பலேறிப் போய் ஊருக்கெல்லாம் வெளிச்சம் குடுத்திருக்கு. பழைய மேண்டில் சாம்பலை வெறும் வாயால ஊதித் தள்ளாதீங்க, கொஞ்சம் கதிரியக்கம் உண்டு.

தாமிரபரணிப்பாட்டு:

சாவிக்காரண்ணே, நடுவுல என்னோடதையும் பாத்துருங்க. தாத்தா வீட்டுக் கடிகாரம், சேத் தாமஸ்னு இருக்கு. பெட்டிக்கு அடியில '2981 எஃப்'னு மங்கலா அச்சு. சீரியல் நம்பராண்ணே? நெட்டுல தேடிப் பாத்தேன், ஒண்ணும் சிக்கல.

சாவிக்காரன்:

திருப்பிப் படிங்க தம்பி. 1892. எஃப் ஆறாவது எழுத்து, ஜூன் மாசம். அந்த அமெரிக்கக் கம்பெனிக்காரங்க கொஞ்ச காலம் வருஷத்தைத் தலைகீழாத்தான் பெட்டியில அடிச்சாங்க. சரக்குப் பழசுன்னு கடைக்காரனுக்குத் தெரியக் கூடாதுன்னு இருக்கும்னு எங்கப்பா சொல்லுவார், அது அவர் ஊகம். அந்த அச்சைப் பாலிஷ் போட்டு அழிச்சுராதீங்க.

சீரியல் நம்பர் வச்சு வருஷம் சொல்லணும்னா குஸ்டாவ் பெக்கர்ங்கிற ஜெர்மன் கம்பெனிக் கடிகாரம்தான் நல்ல ஆள். பின் தகட்டுல நம்பர் இருக்கும். 1875-ல ஒரு லட்சம், 1885-ல அஞ்சு லட்சம், 1892-ல பத்து லட்சம், 1900-ல பதினஞ்சு லட்சம். நடுவுல வர்றதை நீங்களே குத்துமதிப்பாப் போட்டுக்கலாம்.

சிராங்கூன்வாசி:

நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். பொங்கலுக்கு வரும்போது இப்படி ஒன்று வாங்கிப் பெட்டியில் போட்டுக் கொண்டு வரலாமா?

ஆச்சிவீட்டுப் பேரன்:

100 வருஷம் தாண்டினதுன்னா 1972-ஆம் வருஷத் தொல்பொருள் சட்டத்துல மாட்டும். தனி ஆள் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. கடைக்காரர் 'பில் போட்டுத் தர்றேன், ஒண்ணும் ஆகாது'ன்னு சொல்லுவார், விமான நிலையத்துல நிக்கப் போறது நீங்க. புது நாச்சியார்கோவில் குத்துவிளக்கு வாங்கிக்கங்க. பாதம், தண்டு, தட்டு, பிரபைன்னு தனித்தனியாத் திருகிக் கழட்டிடலாம், பெட்டியிலயும் அடங்கும்.

மழைமுற்றம்:

போயிட்டு வந்தாச்சுங்க! காரைக்குடி வெயில்ல வீட்டுக்காரர் பாதி நேரம் ஜிகர்தண்டாக் கடையிலயே நின்னுட்டார்.

விளக்குல தண்ணி ஊத்திப் பார்த்தோம். இறங்கி, நின்னு, தட்டுத் தண்ணியை நான் வழிச்சதும் மறுபடி இறங்குச்சு. அந்தக் கடைக்காரப் பையனே இதுவரைக்கும் பாத்ததில்லையாம். காந்தமும் ஒட்டலை. வாங்கிட்டோமுங்க.

கடிகாரத்தை முணுமுணுத்துக்கிட்டே கழட்டினார். பின் தகட்டுல நட்சத்திரம் இல்லீங்க. ரெண்டு அம்பு ஒண்ணுக்கு மேல ஒண்ணு குறுக்கா இருக்கு. பின்பலகையில சும்மா நாலு துளை. சாவித் துளை ஓரத்துல கீறலே இல்ல. அச்சுத் துளையெல்லாம் வட்டமாத்தான் தெரியுது. போட்டோ போட்டிருக்கேன். இப்ப 12,000-க்குத் தர்றேன்ங்கறார். விட்டுறட்டுங்களா அண்ணா?

சாவிக்காரன்:

போட்டோ பாத்தேன். குறுக்கு அம்பு ஹம்பர்க் அமெரிக்கன் கம்பெனி. அதுவும் அதே ஷ்ராம்பெர்க்தான், 1930 வாக்குல ஜங்ஹன்ஸோட சேந்துருச்சு. அப்ப உங்க கடிகாரத்துல மெஷின் ஒரு வீடு, பெட்டி ஒரு வீடு, டயல் நேத்து அச்சடிச்சது. மூணையும் கூட்டிக் கல்யாணம் பண்ணி வச்சிருக்காங்க.

ஆனா மெஷின் நல்ல மெஷின். தகடு கனமா இருக்கு, பல்லு தேயல, யாரும் ஆணி வச்சுக் குத்தல. சேகரிக்கிறவங்க இதைத் தொட மாட்டாங்க. நீங்க கூடத்துல மாட்டி மணி கேக்கத்தானே வாங்குறீங்க? 8,000-க்கு மேல குடுக்காதீங்க. ஓவராயிலுக்கு (மெஷினை முழுசாப் பிரிச்சுச் சுத்தம் பண்ணி எண்ணெய் விடுறதுக்கு) தனியா செலவு இருக்கு. அந்த நட்சத்திர டயலை எடுத்துட்டுப் பேரில்லாத வெள்ளை டயல் ஒண்ணு போட்டுருங்க, எனக்கு அந்தப் பொய் எழுத்து கண்ணை உறுத்தும்.

மழைமுற்றம்:

8,500-க்கு முடிச்சேனுங்க. எப்படி எடுத்துட்டு வர்றது, எப்படி மாட்டுறது?

சாவிக்காரன்:

ஐநூறு போனாப் போகுது. பெண்டுலத்தைக் கழட்டித் துணியில சுத்தித் தனியா மடியில வச்சுக்கங்க. அது மாட்டுற மெல்லிசான தகட்டு ஸ்பிரிங் வண்டி ஆட்டத்துல உடைஞ்சு போறதுதான் வழக்கம்.

மாட்டினதும் மட்டக்கோலைத் தூக்கி வச்சுட்டுக் காதால கேளுங்க. டிக்குக்கும் டாக்குக்கும் நடுவுல இடைவெளி ரெண்டு பக்கமும் ஒரே அளவா இருக்கணும். நொண்டுச்சுன்னா பெட்டியோட அடிப்பாகத்தை மயிரிழை இடது வலது நகர்த்துங்க, சரியா வந்த இடத்துல சுவத்துல பென்சில் கோடு போட்டு வச்சுக்கங்க. மெதுவா ஓடினா குண்டுக்கு அடியில இருக்கிற திருகைச் சுத்திக் குண்டை மேல ஏத்துங்க, வேகமா ஓடினா இறக்குங்க. சித்திரை வெயில்ல கம்பி கொஞ்சம் நீளும், அப்ப லேசாப் பிந்தும், அதுக்காக எனக்குப் போன் பண்ண வேண்டாம். முள்ளைப் பின்னால திருப்பாதீங்க.

சாவி வாரத்துக்கு ஒரு தடவை, ஒரே கிழமையில. வலது துளை நேரம் ஓடுறதுக்கு, இடது துளை மணி அடிக்கிறதுக்கு. ராத்திரி பன்னெண்டு அடி கேட்டு உங்க வீட்டுக்காரர் எந்திரிச்சு உக்காந்தார்னா இடது துளைக்கு மட்டும் சாவி கொடுக்காம விட்டுருங்க. கடிகாரம் ஓடும், சத்தம் இருக்காது.